கதவு திறந்த குற்றம்

கெரோ ஃபால்ஸில் ஐஸ் அரங்கம் ஒன்றே ஒன்றுதான். ஆனாலும் அந்த ஐஸ் வெள்ளிக்கிழமைகளில் சுத்தமாகவும் சனிக்கிழமை சாயங்காலங்களில் தீட்டாகவும் இருந்தது. கூரை அதே கூரை, ஒழுகுகிற இடமும் அதே இடம். ஐஸைத் தேய்த்து மெழுகும் வண்டியை இரண்டு நாளும் ஓட்டுகிறவன் ஒரே கிளாரன்ஸ்தான். வெள்ளிக்கிழமை ஆடும் பிள்ளைகள் தேசிய ஹாக்கிச் சங்கத்தின் முத்திரை பெற்ற பிள்ளைகள். சனிக்கிழமை ஆடும் பையன்கள் வடக்கு சுயேச்சை ஜூனியர் லீக்கைச் சேர்ந்தவர்கள். சங்கத்தைக் கேட்காமல், சங்கத்துக்குக் கப்பம் கட்டாமல், நாலைந்து ஊர்க்காரர்கள் தாங்களாகவே கூடி ஆரம்பித்துக்கொண்ட லீக் அது. ஊரில் அதற்குக் கள்ள லீக் என்று பெயர். அந்தப் பையன்களும் தங்களை அப்படித்தான் சொல்லிக்கொண்டார்கள், கொஞ்சம் பெருமையாகவே.

கள்ள லீக்கில் ஒருவர் ஆடினாலோ, விசில் ஊதினாலோ, பெஞ்சுப் பக்கம் நின்று கைகொடுத்தாலோ, அந்த சீசன் முடியும்வரை சங்கத்தின் ஆட்டங்களில் அவருக்கு இடமில்லை. பயிற்சி கொடுக்கக் கூடாது, கேன்டீனில் நிற்கக் கூடாது, சொந்தப் பேத்திக்கு ஸ்கேட் கயிறு கட்டிவிடக் கூடாது. டிக்கெட் எடுத்து உட்கார்ந்து பார்க்கலாம், அவ்வளவுதான். அக்டோபரிலிருந்து ஏப்ரல்வரை பனியையும் ஹாக்கியையும் தவிர வேறு கதியில்லாத ஊரில் இது ஊர்விலக்குத்தான்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. யார் யார் கள்ள லீக் பக்கம் போகிறார்கள் என்று தெரிய வேண்டுமானால், யாராவது அங்கே போய்ப் பார்க்க வேண்டும். சங்கத்தின் மாவட்டக் கிளை அந்த வேலையை ரெய்னோ ஹக்காலாவின் தலையில் கட்டியிருந்தது.

ரெய்னோ மின்சாரக் கம்பெனியில் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி எலினோர் போய்ச் சேர்ந்து சில வருஷங்கள் ஆகிவிட்டன. உயரமான, ஒடிசலான மனிதர். சிரிப்பு வந்தால்கூட இது சிரிக்க வேண்டிய இடம்தானா என்று ஒரு தரம் யோசித்துவிட்டுத்தான் சிரிப்பார். சனிக்கிழமை சாயங்காலம் சங்கத்தின் நீலக் கோட்டை மாட்டிக்கொண்டு கள்ள லீக் ஆட்டத்துக்குப் போய் நிற்பார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். எதையும் எழுதி வைக்கும் பழக்கமில்லை. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மாவட்டத் தலைவர் மெர்வின் ஸ்டாக்டேலுக்குப் போன் போட்டு, பார்த்த பெயர்களை மனப்பாடமாக ஒப்பிப்பார்.

ஆறு வருஷமாக ஒரு ஆட்டத்தைக்கூட அவர் தவறவிடவில்லை. வெளியே குளிர் எலும்பைத் துளைத்த நாளிலும், கள்ள லீக்கின் சொந்த ரசிகர்கள் வீட்டில் போர்வைக்குள் சுருண்டிருந்த நாளிலும், ரெய்னோ வந்து நின்றார். அணி தோற்றால் அன்றைக்கு ஹாட் டாக் அவருக்கு இறங்காது. கோல் விழுந்தால் எழுந்து நிற்கக் கூடாதென்று எப்போதுமே நின்றபடியே பார்த்தார். கெரோ ஃபால்ஸ் பிளாக்ஃபிளைஸ் என்ற அந்தக் கள்ள அணிக்கு அவரைப் போல விசுவாசமான ரசிகர் இன்னொருவர் கிடையாது. யாராவது இதை அவரிடம் சொல்லியிருந்தால் மனிதர் மாரடைப்பில் விழுந்திருப்பார்.

பிளாக்ஃபிளைஸ் அணியின் முதலாளி, மேனேஜர், பயிற்சியாளர் எல்லாம் டுவெயின் ஹிக்கி என்ற ஒரே ஆள். பழைய ஸ்னோமொபைல் வாங்கி விற்கிறவர். அவருடைய பையன்கள் ஆடுவதற்குச் சம்பளம் வாங்கவில்லை, ஆடுவதற்குச் சம்பளம் கொடுத்தார்கள். ஸ்லோவாக்கியா, லாட்வியா, ஜப்பான் என்று எங்கெங்கோ இருக்கிற அப்பன்மார் பணம் கட்டி மகன்களை அனுப்பிவைத்தார்கள். பெரிய லீக்குகளின் செலக்டர்கள் வாராவாரம் வந்து பார்ப்பார்கள் என்று டுவெயின் அவர்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். இதுவரை வாராவாரம் வந்த ஒரே ஆள் ரெய்னோ.

ஆகவே பையன்கள் அவரைத்தான் செலக்டர் என்று நம்பினார்கள். நீலக் கோட்டு, இறுகின முகம், ஒவ்வொருவனையும் பார்த்துப் பார்த்துப் பெயரை முணுமுணுக்கிற உதடு, வேறு யாராக இருக்க முடியும்? ஸ்லோவாக்கியாக்காரன் ராடோவான் அவர் நிற்கிற பக்கம் வரும்போதெல்லாம் தேவையில்லாமல் கூடுதலாக ஒரு வளைவு வளைந்துவிட்டுப் போவான். அவனுக்குத் தன் வீட்டில் இடம் கொடுத்துச் சோறு போட்ட ஜினெட் புஷாருக்கு உண்மை தெரியும். பையன் மனசு உடைந்துவிடும் என்று அவள் சொல்லவில்லை.

ரெய்னோ நிற்கும் இடம் பெஞ்சின் கடைசியில், ஓரக் கதவுக்குப் பக்கத்தில். தலைக்கு மேலே சூடு காட்டும் கம்பி சிவப்பாக எரிகிற இடம் அரங்கத்திலேயே அது ஒன்றுதான். இன்னொரு காரணமும் இருந்தது. கலைந்துபோன ஏதோ ஓர் அணியின் பழைய ஜெர்சிகளை டுவெயின் மொத்தமாக வாங்கி வந்திருந்தார். முதுகில் இருந்த பெயர் ஒன்று, உள்ளே இருந்த பையன் வேறு. ராடோவான் முதுகில் மெக்கின்னன் என்றிருந்தது. ஜப்பான் பையன் ஹயாத்தோ முதுகில் ஓ'ரூர்க். சரியான பெயரைப் பிடிக்க வேண்டுமானால் பெஞ்சில் ஒருவனை ஒருவன் கூப்பிடுவதைக் காதால் கேட்கிற தூரத்தில் நிற்க வேண்டும். ரெய்னோ அப்படி நின்றார். அவருக்கும் பெஞ்சின் கதவுத் தாழ்ப்பாளுக்கும் நடுவே இடுப்பளவுப் பலகை ஒன்றுதான்.

கள்ள லீக்கில் பங்கேற்பது என்றால் என்ன என்று சட்டத்தில் தெளிவாக இல்லை என்று ஒரு வருஷம் மாவட்டக் கமிட்டியில் பேச்சு வந்தது. ரெய்னோ ஒரு வாரம் உட்கார்ந்து யோசித்து ஒரு வாசகம் தயாரித்தார். பெஞ்சுக்குள் போகும் பொருளையோ பெஞ்சின் கதவையோ தொடுகிறவர் எவராயினும் பங்கேற்றவரே. கமிட்டி கை தட்டி நிறைவேற்றியது. கதவு எதற்கு என்று ஒருவர் கேட்டாராம். கதவு திறப்பதும் ஒரு வேலைதான் என்று ரெய்னோ பதில் சொன்னார். சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் கனத்திருந்தது என்று பிற்பாடு மெர்வின் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார்.

அந்த வாசகத்தில் முதலில் சிக்கியது ஜினெட். ராடோவானுக்குக் காய்ச்சல் வந்த வாரம் அவன் தண்ணீர் பாட்டிலில் எலுமிச்சையும் தேனும் கலந்து பெஞ்சில் கொண்டுபோய் வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு அவள் பெயரும் போனது. வெள்ளிக்கிழமைக் கேன்டீனிலிருந்து அவளை எடுத்துவிட்டார்கள். அவள் போடும் பூட்டீனுக்காகவே, உருளைக்கிழங்கு வறுவல்மேல் கொதிக்கும் குழம்பும் சீஸ் துண்டுகளும் போட்ட அந்தப் பூட்டீனுக்காகவே, ஆட்டம் பிடிக்காதவர்கள்கூட அரங்கத்துக்கு வருவார்கள். இப்போது அங்கே ஒரு மெஷின் காசை விழுங்கிவிட்டுச் சிப்ஸ் பாக்கெட்டை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்கிறது. ஊர் முழுக்க ரெய்னோவை வைதது. அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சட்டம் பசிக்கிறவனுக்காக எழுதப்படுவதில்லை என்பது அவர் கட்சி.

இனி ஐலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐலி ரெய்னோவின் ஒரே மகள். மர லாரிகளை எங்கே அனுப்புவது என்று பார்க்கிற ஆபீசில் வேலை. வெள்ளிக்கிழமைகளில் ஊர்ப் பெண்பிள்ளைகள் அணிக்குப் பயிற்சியாளர். பதினைந்து வயதில் அவள் நன்றாக ஆடினாள், சும்மா சொல்லவில்லை, பையன்கள் அவளைக் கண்டு ஒதுங்குவார்கள். கெரோ ஃபால்ஸில் அப்போது பெண்கள் அணி இல்லை. அடுத்த ஊரான ப்ரூலேயில் இருந்தது. ப்ரூலே அணியில் சேர வேண்டுமானால் சங்கம் போட்ட எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் வீடு இருக்க வேண்டும். ஹக்காலா வீடு கோட்டுக்கு இந்தப் பக்கம், மூன்று வீடு தள்ளி. அந்த வருஷம் யார் எந்த அணி என்று முடிவு செய்கிற பதிவாளர் யாரென்றால், வேறு யார், ரெய்னோதான். மகள் அழுதாள். எலினோர் கெஞ்சினாள். மூன்று வீடுதானே, கண்ணை மூடிக்கொண்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று ப்ரூலேக்காரர்களே சொன்னார்கள். கோடு என்றால் கோடு என்றுவிட்டார் ரெய்னோ. ஐலி ஸ்கேட்டைக் கழற்றிப் போட்டவள் பத்துப் பன்னிரண்டு வருஷம் தொடவில்லை. அப்பாவிடம் பேச்சும் ஏறக்குறைய அத்தோடு நின்றது. தாய் இருந்தவரை தாய் வழியாகச் சேதி போகும் வரும். அதற்குப் பிறகு அதுவும் இல்லை.

பெண்கள் அணி தொடங்கியபோது பெஞ்சில் கதவுக்கு ஆள் கிடைக்கவில்லை. ஹாக்கியில் ஐந்து பேர் ஒரு நிமிஷம் உயிரைக் கொடுத்து ஓடுவார்கள், மூச்சு வாங்கிக்கொண்டு பெஞ்சுக்குத் திரும்புவார்கள், காத்திருக்கும் ஐந்து பேர் உள்ளே பாய்வார்கள். வருகிறவள் வந்து மோதுவதற்கு முன்னால் கதவு திறந்திருக்க வேண்டும். அதற்கு அரை மூச்சு முன்னால் திறந்தால் போகிறவள் முந்திக்கொண்டு குதித்துவிடுவாள், ஐஸில் ஆள் கூடிவிடும், தண்டனை விழும். யாரும் கேட்காமலே ரெய்னோ ஒரு வெள்ளிக்கிழமை வந்து கதவோரம் நின்றார். ஐலி அவரைப் பார்த்தாள். போ என்று சொல்லவில்லை.

அன்றிலிருந்து அப்பனுக்கும் மகளுக்கும் நடுவே இருந்த பேச்சு ஒரே வார்த்தை. "கதவு" என்பாள் அவள், திரும்பிப் பார்க்காமல். அவர் திறப்பார். ஓர் ஆட்டத்தில் ஐம்பது அறுபது தடவை அந்த வார்த்தை வரும். மற்றவர்களுக்கு இது ஒன்றுமில்லாத விஷயம். ரெய்னோ அந்த வார்த்தையை நம்பித்தான் வாரத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்.

அந்த வருஷம் ஐலியின் அணி வட்டார இறுதி ஆட்டத்துக்குத் தேறியது. அதற்கு இரண்டு வாரம் இருக்கும்போதுதான் அது நடந்தது.

சனிக்கிழமை. பிளாக்ஃபிளைஸ் அணியில் ஆளே இல்லை. இரண்டு லாட்வியாக்காரர்கள் வீட்டு ஞாபகம் தாங்காமல் ஊருக்குப் போய்விட்டார்கள், ஒருவனுக்குக் காய்ச்சல். எப்போதும் கதவு திறக்கிற உபரி கோல்கீப்பருக்கு டுவெயின் வேறொரு ஜெர்சியை மாட்டி ஐஸில் இறக்கிவிட்டிருந்தார். டுவெயின் தானே கதவைப் பார்த்திருக்கலாம். ஆனால் அவர் படிக்கட்டுகளில் ஏறி இறங்கி லாட்டரிச் சீட்டு விற்றுக்கொண்டிருந்தார், அதில்தான் பஸ்ஸுக்கு டீசல் போட வேண்டும். ஆட்டம் சமநிலை. கடைசிச் சில நிமிஷங்கள். எதிரணிக்காரன் அடித்த ரப்பர் வட்டு, பக் என்பார்களே அது, ராடோவானின் கணுக்காலில் வந்து விழுந்தது. அரங்கம் முழுக்க அந்தச் சத்தம் கேட்டது. கால் நன்றாக இருக்கிறவன் பலகையைத் தாண்டிக் குதித்து உள்ளே வந்துவிடுவான். ஒற்றைக் காலில் வருகிறவனுக்குக் கதவு வேண்டும். ராடோவான் ஒற்றைக் காலில் சறுக்கிக்கொண்டு ஓரக் கதவைப் பார்த்து வந்தான். பின்னாலேயே எதிரணியின் தடியன் ஒருவன் வந்துகொண்டிருந்தான். உள்ளே ஹயாத்தோ எழுந்து நின்று தவித்தான். கதவு மூடியிருந்தது.

ரெய்னோ யோசித்தார் என்று சொல்ல ஆசைதான். அவர் யோசிக்கவில்லை. பலகைக்கு மேல் கை போயிற்று, தாழ்ப்பாளைத் தட்டிற்று, கதவு திறந்தது. ராடோவானைக் காலரைப் பிடித்து உள்ளே இழுத்தார். "போடா!" என்று ஹயாத்தோவின் முதுகில் தட்டினார். கதவைச் சாத்தினார். கண் ஐஸின் மேலேயே இருந்தது. அடுத்த மாற்றத்துக்கும் திறந்தார், அதற்கடுத்ததற்கும் திறந்தார். ஹயாத்தோ கோல் போட்டான். சங்கு ஊதியது. அப்போதுதான் கையில் ஏதோ சில்லென்று இருக்கிறதே என்று குனிந்து பார்த்தார். தாழ்ப்பாள்.

முகத்தில் ஈயாடவில்லை. ராடோவான் பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்தபடி, வலியிலும் பல்லைக் காட்டி, "ரொம்ப தேங்க்ஸ், செலக்டர் சார்" என்றான்.

மூன்றாவது படியில் ஜினெட் உட்கார்ந்திருந்தாள். பிளாஸ்க்கை மூடினாள், எழுந்தாள், அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

"கதவு என்னமா திறந்தீங்க ரெய்னோ. நான் பாட்டிலைக்கூட இவ்வளவு பாசமா வைக்கலையே."

அவர் தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தார். அவள் தொடர்ந்து, "பயப்படாதீங்க. நான் போன் பண்ற ஜாதி இல்ல" என்றாள்.

சேதி அவருக்கு முன்னால் ஊருக்குள் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்கு அவர் வீட்டு வாசலில் ஐலியின் சின்ன லாரி வந்து நின்றது. தாய் போன பிறகு அவள் அந்த வீட்டுக்குள் வந்தது அன்றைக்குத்தான். பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை. பனி உருகிச் சமையலறைத் தரையில் ஓடியது. போன் சுவரில் மாட்டியிருந்தது. அதற்கும் அவருக்கும் நடுவே அவள் நின்றாள்.

"இன்னைக்கு போன் பண்ணாதீங்கப்பா."

"ஒன்பதுக்கு மெர்வின் காத்திருப்பான்."

"காத்திருக்கட்டும். இல்ல, பண்ணுங்க. மத்தவங்க பேரெல்லாம் சொல்லுங்க, உங்க பேரை மட்டும் விட்டுடுங்க. ஊர்ல ஒருத்தரும் வாயைத் திறக்கமாட்டாங்க. ஜினெட்டே சொல்லமாட்டா."

ரெய்னோ காப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். அதில் சர்க்கரையே போடவில்லை.

"ஃபைனல்ல எனக்குக் கதவுக்கு ஆள் வேணும்" என்றாள் ஐலி. பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "நீங்கதான் வேணும்" என்றாள்.

இத்தனை வருஷம் அவர் காத்துக் கிடந்த வார்த்தை அது. அது வந்த நேரத்தைப் பாருங்கள். வேறொருவராக இருந்தால் அந்த இடத்திலேயே போனைப் பிடுங்கிக் குப்பையில் போட்டிருப்பார். நானாக இருந்தால் போட்டிருப்பேன். ரெய்னோ தலையை ஆட்டினார், மாட்டேன் என்று.

"அன்னைக்கு மூணு வீடு தள்ளி இருந்துச்சுன்னு உன்னை ஆட விடல. இன்னைக்கு எனக்கு மட்டும் கண்ணை மூடிக்கிட்டா, அன்னைக்கு உன்னை எதுக்கு அழவெச்சேன்? சும்மாவா அழவெச்சேன்?"

ஐலி அவரையே பார்த்தாள். "அதை நீங்க அப்பவே யோசிச்சிருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். லாரி திரும்பும் சத்தம் கேட்டது. அவர் ஒன்பது மணிவரை காத்திருந்து போன் போட்டார்.

வழக்கம்போல் பெயர்களை ஒப்பித்தார். கடைசியில், "ரெய்னோ ஹக்காலா, கதவு" என்றார்.

மெர்வின் ஸ்டாக்டேல் வாயில் பான்கேக்கோடு சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். பிறகு, கேட்கவே இல்லை, லைன் சரியில்லை என்றார். ரெய்னோ மறுபடியும் சொன்னார். லைன் இப்போதும் சரியில்லை என்றார் மெர்வின். ரெய்னோ மூன்றாம் முறை எழுத்துக்கூட்டிச் சொன்னார்.

வேறு வழியில்லாமல் புதன்கிழமை பழைய ராணுவத்தார் மன்றத்தில் விசாரணை கூடியது. மெர்வின், இன்சூரன்ஸ் ஏஜெண்ட் ஒருவர், பல் டாக்டர் ஒருவர், மூன்று பேரும் நீலக் கோட்டில். குற்றம் சாட்டப்பட்டவரும் நீலக் கோட்டில். பார்த்தால் நாலு பேரும் ஒரே கல்யாணத்துக்கு வந்தவர்கள் மாதிரி இருந்தது. அவரைக் காப்பாற்றுவதற்கு அந்த மூன்று பேரும் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. கதவு தானாகத் திறந்திருக்கலாம் என்றார் இன்சூரன்ஸ்காரர், காற்றில். மூடிய அரங்கத்தில் காற்று ஏது என்று ரெய்னோ கேட்டார். கையுறை போட்டிருந்தால் தொட்டதாக ஆகுமா என்று பல் டாக்டர் ஒரு நுட்பத்தை எடுத்து வைத்தார். கையுறை போடவில்லை என்றார் ரெய்னோ. கடைசியில் மெர்வின் மேஜையைத் தட்டி, காயம்பட்ட பையனுக்கு மனிதாபிமானத்தோடு உதவியது எப்படிப் பங்கேற்பாகும், தீயணைப்புக்காரன் உள்ளே போனால் அவன் வீட்டுக்காரனா என்று கேட்டார். மூன்று பேருக்கும் முகம் மலர்ந்தது. டோனட் பெட்டியைத் திறந்தார்கள்.

"சரி. அப்போ காய்ச்சல்காரனுக்குத் தேன்தண்ணி கொடுத்ததும் மனிதாபிமானம்தானே? ஜினெட்டோட தடையையும் எடுத்துடுங்க" என்றார் ரெய்னோ.

டோனட்டை யாரும் தொடவில்லை. ஜினெட்டை விட்டால் அவளைப் போலத் தண்டிக்கப்பட்ட இன்னும் பத்துப் பதினைந்து பேர் வரிசையில் வந்து நிற்பார்கள். அதில் மெர்வினின் மைத்துனனும் ஒருவன், விசில் ஊதியவன். ஒருத்திக்குச் செய்த தவறை ஒப்புக்கொள்வதைவிட ஒரு நண்பனைத் தண்டிப்பது சுலபம். கமிட்டி அரைமணி நேரம் பூசி மெழுகிப் பேசிவிட்டு, சீசன் முடியும்வரை ரெய்னோவுக்குத் தடை விதித்தது. தீர்ப்பில் அவர் எழுதிய வாசகத்தையே மேற்கோள் காட்டினார்கள். மிக அருமையான வாசகம் என்று பல் டாக்டர் அவர் கையைக் குலுக்கினார்.

இறுதி ஆட்டத்தன்று ரெய்னோ டிக்கெட் எடுத்து உள்ளே போனார். நீலக் கோட்டு போடவில்லை, பழைய ஸ்வெட்டர். ஜினெட் நகர்ந்து இடம் கொடுத்தாள். தடைபெற்றவர்கள் இரண்டு பேரும் ஒரே போர்வைக்குள் காலை நீட்டிக்கொண்டார்கள். பிளாஸ்க்கில் இருந்து அவள் காப்பி ஊற்றிக் கொடுத்தாள். அதை வாங்குவது எந்த விதியிலும் வராது என்று யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினார்.

கீழே ஐலியின் பெஞ்சில், கதவோரம், மாவட்டத் தலைவர் மெர்வின் ஸ்டாக்டேல் நின்றுகொண்டிருந்தார். ஆள் இல்லாத குறையைத் தீர்க்கத் தானே முன்வந்ததாக வருகிற போகிறவர்களிடம் எல்லாம் சொன்னார். கதவு திறக்க ஒரு ஆளா, குரங்குகூடத் திறக்கும் என்றும் சொன்னாராம்.

மூன்று பகுதியாக நடக்கும் ஆட்டத்தில் முதல் பகுதி முழுக்க அவர் தாமதமாகத் திறந்தார். பிள்ளைகள் பலகையில் வந்து மோதினார்கள். ஐலி ஏதோ சொன்னாள். அதனால் அடுத்ததில் முன்கூட்டியே திறந்தார். ஒவ்வொரு மாற்றத்துக்கும் படிக்கட்டில் உட்கார்ந்திருந்த ரெய்னோவின் வலது கை வெறுங்காற்றில் தாழ்ப்பாளைத் தட்டியது. தட்டிய பிறகுதான் கீழே கதவு திறந்தது, அல்லது தட்டுவதற்கு முன்பே திறந்திருந்தது. ஜினெட் அதைப் பார்த்தாள். வாய் துறுதுறுவென்று இருந்திருக்கும், ஆனாலும் போர்வையை இழுத்து அந்தக் கைமேல் போட்டாள்.

கடைசிப் பகுதியில் சமநிலை. ஐலியின் பெண் ஒருத்தி பெஞ்சை நோக்கி வந்தாள், இன்னும் பாதித் தூரம் இருந்தது. மெர்வின் கதவைத் திறந்தார். காத்திருந்தவள் குதித்தாள். ஐஸில் ஆள் கூடியது. விசில். ஆள் குறைத்து ஆட வேண்டிய அந்த இரண்டு நிமிஷத்துக்குள் எதிரணி கோல் போட்டது. அவ்வளவுதான். ஐலி தன் பிள்ளைகளை ஒவ்வொருத்தியாகத் தலையைத் தொட்டு உள்ளே அனுப்பினாள். பிறகு பழக்கதோஷத்தில் திரும்பாமலே, "கதவு" என்றாள். மெர்வின் கேன்டீன் பக்கம் போய் மெஷினோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அவளே கதவைச் சாத்திவிட்டு நடந்தாள். ரெய்னோ அந்த இடத்தில் அழுதார், மறைக்கவில்லை.

அடுத்த வாரம் டுவெயின் ஹிக்கி அவர் வீட்டுக்கு வந்தார். எப்படியும் தடை போட்டாயிற்று, ஒரே குற்றத்துக்கு இரண்டு தடவை தடை போட முடியாது, சும்மா நிற்கிற கையைக் கொண்டுவந்து கதவில் வையுங்கள் என்றார். ரெய்னோ சட்டத்தை மனசுக்குள் ஒரு தரம் முதலிலிருந்து கடைசிவரை ஓட்டிப் பார்த்தார். டுவெயின் சொன்னது சரியாக இருந்தது. வாழ்க்கையில் டுவெயின் சரியாகச் சொன்ன ஒரே விஷயம் அதுதான்.

சனிக்கிழமை சாயங்காலம் அவர் பலகைக்கு இந்தப் பக்கம், பெஞ்சுக்குள்ளே நின்றார். காலில் கட்டோடு உட்கார்ந்திருந்த ராடோவான், செலக்டர் தனக்காகப் பெஞ்சுக்கே வந்துவிட்டார் என்று அம்மாவுக்குப் போனில் சொல்லிக்கொண்டிருந்தான். ரெய்னோ தாழ்ப்பாளை இரண்டு தடவை திறந்து மூடிப் பார்த்தார், எண்ணெய் போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். நிமிர்ந்தபோது, சூடு காட்டும் கம்பிக்குக் கீழே, ஆறு வருஷமாக அவர் நின்ற அதே இடத்தில் ஐலி நின்றாள். கையில் ஹாட் டாக். தோளில் அவளுக்குப் பெரிதாக ஒரு நீலக் கோட்டு.

கள்ள லீக்கைப் பார்க்கச் சங்கத்துக்கு ஆள் வேண்டியிருந்தது. யாரும் சிக்கவில்லை. ஊரில் ஒருத்தரும் ஜினெட்டின் பூட்டீனை மறக்கவில்லை. கடைசியில் மெர்வின் தயங்கித் தயங்கி ஐலியைக் கேட்க, அவள் மறுபேச்சில்லாமல் சரி என்றுவிட்டாள். மெர்வினுக்கே ஆச்சரியம்.

அன்றைக்கு ஆட்டம் முழுக்க அவள் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. கோல் விழுந்தபோது எழுந்து நிற்கவும் இல்லை, ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தாள்.

மறுநாள் காலை எட்டரைக்கு லாரி வந்தது. இந்தத் தடவை பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். அவர் ஏலக்காய் ரொட்டியை நறுக்கி வைத்திருந்தார், வருவாள் என்று தெரிந்தா, தெரியாமலா, அவருக்குத்தான் வெளிச்சம். ஜெர்சிப் பெயரும் ஆள் பெயரும் ஒத்து வரவில்லை, ஒன்றும் புரியவில்லை என்றாள். மெக்கின்னன் என்றால் ராடோவான், ஓ'ரூர்க் என்றால் ஹயாத்தோ என்று அவர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார். ரொட்டியைத் தின்றுகொண்டே அவள் அதையெல்லாம் மனப்பாடம் செய்தாள். ஒன்பது மணிக்குச் சுவரில் இருந்த போனை எடுத்தாள்.

பெயர்களை ஒப்பித்தாள். ஒன்றும் தப்பவில்லை. கடைசியாக ஒன்று சேர்த்தாள்.

"கதவு, எங்கப்பா."

அந்தப் பக்கத்திலிருந்து மெர்வின் ஏதோ சொன்னார். அவருக்கு ஏற்கெனவே தடை போட்டாயிற்றே, வாராவாரம் அதைச் சொல்ல வேண்டியதில்லை என்றாராம்.

"இல்ல, சொல்லணும். பாத்ததைச் சொல்லணும்னுதானே என்னைப் போட்டிருக்கீங்க? ஒவ்வொரு வாரமும் சொல்லுவேன்" என்றாள் ஐலி.

போனை வைத்தாள். இன்னொரு துண்டு ரொட்டி எடுத்தாள். ரெய்னோ அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு காப்பி ஊற்றினார். கொஞ்சம் வெளியே சிந்தியது.

"அப்பா" என்றாள்.

"சொல்லு."

"மூணாவது பகுதில ரெண்டு தடவை லேட்டா திறந்தீங்க."

ரெய்னோ திரும்பாமலே யோசித்துப் பார்த்தார்.

"ஒரு தடவைதான்" என்றார்.